மாலை வானத்தில் வால்நட்சத்திரம்: குமரி மாவட்டத்தில் படமெடுக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2024 அக்டோபரில் சூச்சின்ஷான்-அட்லஸ் என்ற வால்நட்சத்திரத்தை முட்டம் கடற்கரையில் நின்று எடுத்து, அந்தப் படத்தை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்தேன். அன்று ஆரம்பித்த கேள்விகள் இன்னும் ஓயவில்லை. கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில் தோளைத் தட்டி, "அந்த வால் படம் எந்த லென்ஸ்?" என்று கேட்டவர் உண்டு. 2025 அக்டோபரில் லெமன் வால்நட்சத்திரம் வந்தபோது அதே சந்தேகங்கள் வரிசை மாறாமல் திரும்ப வந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் இனி இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம் என்று தோன்றியது.

நான் வானியல் படித்தவன் அல்ல. தக்கலைப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிறவன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

வால்நட்சத்திரம்னா சர்ருன்னு பாஞ்சு போவும்லா? அதை எப்படி அண்ணா படம் பிடிக்கது?

பாய்ந்து போவது எரிகல். ஒன்றிரண்டு நொடியில் முடிந்துவிடும். வால்நட்சத்திரம் அப்படி அல்ல. பனியும் தூசியும் சேர்ந்த ஒரு கட்டி சூரியனைச் சுற்றிவிட்டுப் போகிறது, சூட்டில் அதிலிருந்து கிளம்பும் ஆவியும் தூசியும்தான் வாலாகத் தெரிகின்றன. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வானத்தில் ஒட்டி வைத்ததுபோல நிற்கும். சூச்சின்ஷான்-அட்லஸ் நமக்கு மிக அருகில் வந்த 2024 அக்டோபர் 12 அன்றுகூட சுமார் 7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

அன்றன்று நட்சத்திரங்களோடு சேர்ந்து மேற்கே இறங்கி மறையும். மறுநாள் பார்த்தால் பக்கத்து நட்சத்திரங்களை விட்டுக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஆகவே படமெடுக்க நேரம் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை, அதை மூன்றாவது கேள்வியில் சொல்கிறேன்.

வெறும் கண்ணுக்குத் தெரியுமா? போட்டோல இருக்க மாதிரியே இருக்குமா?

இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய், "இதுக்காப்பா இவ்வளவு தூரம்?" என்ற கேள்வியை நானே வாங்கியிருக்கிறேன். கண்ணுக்கு அது ஈரக்கையால் சிலேட்டில் இழுத்த சாக்பீஸ் தடம் போலத் தெரியும். தலைப்பக்கம் கொஞ்சம் திட்டமாக, வால்பக்கம் கரைந்து. நிறம் தெரியாது. கேமரா ஐந்து நொடி வெளிச்சத்தைச் சேர்த்து வைக்கிறது, நம் கண்ணுக்கு அந்த வசதி இல்லை.

ஒரு சாதாரண பைனாகுலர், 7x50 அல்லது 10x50, இருந்தால் எல்லாம் மாறிவிடும். சூரியன் முழுதாக மறைந்த பிறகுதான் அதைக் கண்ணில் வைக்க வேண்டும். மேற்கே அடிவானத்தில் துளாவும்போது சூரியன் சிக்கினால் கண் போய்விடும், கேமரா சென்சாருக்கும் அதே கதிதான்.

எத்தனை மணிக்குப் பாக்கணும்? நெட்ல ஒன்றரை மணி நேரம் இருட்டட்டும்னு போட்டிருக்கே?

அதை எழுதியவர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பார். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 8 டிகிரி வடக்கே. இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்காது, கிணற்றில் வாளி விட்டதுபோல நேரே இறங்கும். அஸ்தமனம் ஆகி 70 நிமிடங்களில் முழு இருட்டு. சூரியனுக்கு அருகில் இருக்கும் வால்நட்சத்திரமும் அதே வேகத்தில் நேரே இறங்கும், 4 நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சூரியன் மறையும்போது வால்நட்சத்திரம் 15 டிகிரி உயரத்தில் இருந்தால், ஒரு மணி நேரத்தில் அது கடலுக்குள் போய்விடும். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால் கிடைப்பது கடல்காற்று மட்டும். முதல் 25 நிமிடம் வானம் வெளுப்பாக இருக்கும். கடைசி 15 நிமிடம் அடிவானப் புகைமூட்டம் தின்றுவிடும். இடையில் 20 நிமிடம்தான் நம்முடையது. அக்டோபர் நடுவில் இங்கே அஸ்தமனம் ஆறு மணியை ஒட்டி, அப்படியென்றால் 6.30 முதல் 6.50 வரை. என்ன கேமரா என்பதைவிட அந்த 20 நிமிடத்தில் நீங்கள் எங்கே, எந்த அளவு தயாராக நிற்கிறீர்கள் என்பதுதான் படத்தைத் தீர்மானிக்கிறது.

உயரத்தை அளக்கக் கருவி வேண்டாம். கையை முழுதாக நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி, சுண்டுவிரல் ஒரு டிகிரி. இடத்தைத் தேட ஸ்டெல்லேரியம் என்ற வானவரைபட ஆப் போதும். அதில் புது வால்நட்சத்திரங்களின் விவரம் பதிவாகியிருக்கிறதா என்று முந்தின நாளே வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், கடற்கரையில் சிக்னலைத் தேடி நிற்க வேண்டாம்.

எந்த பீச்சுக்குப் போகட்டும்?

என் முதல் தேர்வு முட்டம். கரை அங்கே குளச்சல் நோக்கி வடமேற்காகத் திரும்புவதால் மேற்கு வானம் முழுக்கக் கடல்மேல் கிடைக்கும், முன்னே பாறைகளும் உண்டு. நாகர்கோவில் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரு எச்சரிக்கை: கன்னியாகுமரியை ஒட்டிக் கிழக்குக் கரையில் இருக்கும் சின்ன முட்டம் வேறு, நான் சொல்கிற முட்டம் வேறு. வெளியூரிலிருந்து வந்த ஒரு தம்பி சின்ன முட்டத்தில் போய் நின்றுகொண்டு, "அண்ணா, மேற்கே ஊரும் வீடும்தானே தெரியுது?" என்று போன் போட்டான். அதற்குள் மணி 6.40.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சொத்தவிளை வசதி. மணல் அகலம், பாறை இல்லை. சங்குத்துறையும் அப்படித்தான், விளக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடுதல். மேற்கே உள்ளவர்களுக்குத் தேங்காப்பட்டணம். பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயல் தனி ரகம்: காற்று அடங்கிய மாலையில் தண்ணீர் கண்ணாடி போல நின்றால் வெள்ளிக் கிரகமும் வானச் சிவப்பும் அதில் விழும். வால்நட்சத்திரமே நீரில் தெரிய அது நல்ல பிரகாசமாக இருக்க வேண்டும்.

தேரூர், சுசீந்திரம் குளங்களைப் பலர் கேட்கிறார்கள். தாமரையும் பறவையுமாக அழகான இடம்தான். ஆனால் வடமேற்கே வேளிமலை எழுந்து நிற்கிறது. தாழ்வாக இருக்கும் வால்நட்சத்திரத்துக்கு மலை எதிரி.

திருவள்ளுவர் சிலைக்குப் பின்னால வால்நட்சத்திரம் வர மாதிரி எடுக்க முடியுமா?

மாலையில் முடியாது. சிலையும் விவேகானந்தர் பாறையும் கரைக்குக் கிழக்கே இருக்கின்றன. அதனால்தான் கரையில் நின்று எடுத்த சூரிய உதயப் படங்களில் சிலை இருக்கும். மேற்கு வானத்துக்குச் சிலை முன்னே வர வேண்டுமானால் நீங்கள் சிலைக்குக் கிழக்கே, கடலுக்குள் நிற்க வேண்டும். சுற்றுலாப் படகு அதற்கெல்லாம் முன்பே நின்றுவிடும்.

விடியற்காலை வால்நட்சத்திரம் என்றால் கதை வேறு. 2024 செப்டம்பர் கடைசியில் சூச்சின்ஷான்-அட்லஸ் முதலில் விடியலில், கிழக்கேதான் தெரிந்தது. அப்படி ஒன்று வரும்போது கன்னியாகுமரிக் கரையில் 4.30-க்கே இடம் பிடித்துவிடுங்கள்.

போன்ல எடுக்கலாமா? ஐபோன் வேணுமா?

நல்ல பிரகாசமான வால்நட்சத்திரமாக இருந்தால் எந்த போனும் போதும், அசையாமல் நின்றால். நூறு படம் கையில் பிடித்து எடுப்பதைவிடச் செருப்பின் மேல் சாய்த்து வைத்து எடுக்கும் ஒரு படம் மேல். இருநூறு ரூபாய் போன் கிளிப் ஒன்றை ட்ரைபாடில் மாட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. ஐபோனில் நைட் மோடு, போன் ஆடாமல் இருப்பதை உணர்ந்தால் 30 நொடி வரை தானே நீட்டிக்கொடுக்கும். பிக்சலில் வானத்துக்கென்றே தனி மோடு உண்டு, 4 நிமிடம் வரை படங்களைச் சேர்த்துக் கோக்கும். மற்ற போன்களில் ப்ரோ மோடுக்குப் போய் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற எண்) 800, ஷட்டர் 4 நொடி, ஃபோகஸைக் கையால் மலைப்படம் போட்ட முனைக்குத் தள்ளி, மூன்று நொடி டைமர் வைத்து எடுங்கள்.

ஜூம் செய்ய வேண்டாம். இருட்டில் பல போன்கள் ஜூம் லென்ஸை விட்டுவிட்டு மெயின் லென்ஸ் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும். அந்த வெட்டும் வேலையை வீட்டில் நாமே செய்துகொள்ளலாம்.

கேமரா செட்டிங் மட்டும் சொல்லுங்க, போதும்.

ஒரே செட்டிங் கிடையாது. வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் இறங்குகிறது. மேனுவல் மோடு, ரா ஃபார்மட், வொயிட் பேலன்ஸ் 4000-லிருந்து 4500 கெல்வினுக்குள், லென்ஸை முழுதாகத் திறந்து (எஃப் 1.8 முதல் 2.8 வரை). அஸ்தமனம் ஆகி அரை மணியில் ஐ.எஸ்.ஓ. 400, ஒரு நொடி. 40 நிமிடத்தில் ஐ.எஸ்.ஓ. 1600, இரண்டு முதல் நான்கு நொடி. நன்றாக இருட்டிய பின்னும் வால்நட்சத்திரம் உயரத்தில் இருந்தால் ஐ.எஸ்.ஓ. 3200, ஐந்து நொடிக்கு மேல்.

ஸ்கிரீனில் தெரியும் படத்தை நம்பாதீர்கள், இருட்டில் அது பளபளவென்று ஏமாற்றும். ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் வரைபடம்) மேடு இடது சுவரை விட்டு மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிற்கட்டும். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள், ஷட்டரை விரலால் அமுக்காமல் இரண்டு நொடி டைமரில் விடுங்கள்.

கிட் லென்ஸ் 18-55 தான் இருக்கு. டெலி வாடகைக்கு எடுக்கவா?

வேண்டாம். அந்தக் காசில் யாரிடமாவது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கேட்டு வாங்குங்கள், கல்யாணம் எடுக்கும் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். வால் நீளமாக இருக்கும் நாட்களில் 50 மி.மீ. சரியான அளவு. பாறை, வள்ளம், ஆள் என்று முன்னே ஏதாவது வைக்கவும் இடம் இருக்கும். தலையை மட்டும் பெரிதாகப் பார்க்க ஆசை என்றால் 135 அல்லது 200. அப்போது கோடு விழும் தொல்லை ஆரம்பிக்கும்.

கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி வையுங்கள். வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் நீளும். நம் ஊரில் சூரியன் நேரே கீழே போய்விட்டதால் வால் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும்.

நட்சத்திரம் எல்லாம் கோடு கோடா விழுது. கை ஆடலையே?

பூமி ஆடுகிறது! 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்தால் வருவதுதான் அதிகபட்ச நொடி என்று ஒரு பழைய கணக்கு. 50 மி.மீ.க்கு 10 நொடி. அது முழு அளவு சென்சாருக்கு. நம்மில் பலரிடம் இருக்கும் சின்ன சென்சார் கேமராவில் ஒன்றரையால் மறுபடி வகுக்க வேண்டும், ஆறரை நொடி. இன்றைய கேமராக்களின் நுணுக்கத்துக்கு அதுவே அதிகம். நான் 500-க்குப் பதில் 300 போடுகிறேன்.

ஃபோகஸ் எங்க வைக்கது? லென்ஸ்ல அந்த எட்டு படுத்த மாதிரி குறி இருக்கே?

அந்தக் குறி வழிகாட்டிதான், சத்தியவாக்கு அல்ல. பல லென்ஸ்களில் அதையும் தாண்டிச் சுழலும். லைவ் வியூவில் ஒரு பிரகாசமான புள்ளியை எடுத்து 10 மடங்கு பெரிதாக்குங்கள். வெள்ளி இருந்தால் வெள்ளி (2024 அக்டோபரில் அது வசதியாக மேற்கிலேயே இருந்தது), இல்லையென்றால் கடலில் தூரத்தில் நிற்கும் படகின் விளக்கு. வளையத்தை மெதுவாகத் திருப்பினால் புள்ளி உப்பி, சுருங்கி, மறுபடி உப்பும். மிகச் சின்னதாக இருக்கும் இடம்தான் ஃபோகஸ். அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள்.

நல்ல டேப்பாக ஒட்டுங்கள். முதல் நாள் முட்டத்தில் உப்பு ஈரத்தில் என் டேப் நழுவி, வளையம் ஒரு மயிரிழை திரும்பிவிட்டது. அறுபது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் அறுபதிலும் வால்நட்சத்திரம் பஞ்சு மிட்டாய். ஸ்டேட்டஸில் வைத்த படம் அடுத்த நாள் எடுத்தது. பத்து படத்துக்கு ஒருமுறை மறுபடி பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் அதிலிருந்து வந்தது.

வால்நட்சத்திரம் எல்லாம் மழைக்காலத்துலதான் வரணுமா?

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து தென்மேற்கு, அக்டோபரிலிருந்து வடகிழக்கு. தெளிவான வானம் என்று நம்பக்கூடியது ஜனவரி முதல் மார்ச் வரைதான். வால்நட்சத்திரம் காலண்டர் பார்த்து வருவதில்லை.

இதில் ஒரு நன்மை உண்டு. மதியம் இடி மழை கொட்டித் தீர்த்து வெறித்துவிட்டால் காற்றில் இருக்கும் தூசி கழுவப்பட்டு மேற்கு வானம் கண்ணாடியாகும். மேகம் மலைப்பக்கம் ஏறி நிற்க, கடல்பக்கம் ஒரு கீற்று திறக்கும். நான் எடுத்தது அப்படிப்பட்ட கீற்றில்தான், மொத்தம் 11 நிமிடம். ஐந்து மணிக்கு மழை பெய்கிறதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

நிலா இருந்தா போச்சா?

மங்கலான வால்நட்சத்திரம் என்றால் போச்சு. 2024-ல் அக்டோபர் 17 பௌர்ணமி. சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் சூரியன் இறங்குவதையும் நிலா எழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கூட்டம் கூடுமே, அதேபோலத்தான் எந்தப் பௌர்ணமியிலும் இருட்டுகிற நேரத்தில் கிழக்கே நிலா வந்து நிற்கும். ஆனால் பௌர்ணமி கழிந்தால் நிலா நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் தாமதிக்கும். இரண்டு மூன்று நாள் பொறுத்தால் இருட்டான ஒரு மணி நேரம் கிடைக்கும். 2024-ல் அதற்குள் வால்நட்சத்திரம் உயர ஏறியிருந்தது, மங்கியும் இருந்தது. எல்லாம் ஒன்றாக அமைவதில்லை.

2025-ல் லெமன் நமக்கு அருகில் வந்த அக்டோபர் 21 அமாவாசை, நிலாத் தொல்லை இல்லை. ஆனால் முந்தின நாள் தீபாவளி! பட்டாசுப் புகைக்கு நான் கண்ட வழி கடலோர மீனவ ஊர்கள். அங்கே பட்டாசு கிறிஸ்துமஸுக்குத்தான் அதிகம்.

லென்ஸ் மேல ஆவி படிஞ்சு போச்சு. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, கார் ஏசி. குளிர்ந்த லென்ஸை வெக்கைக் காற்றில் எடுத்தால் பனித்துவிடும். கடற்கரை வரும் முன் அரை மணி ஏசியை அணைத்துவிடுங்கள், அல்லது கேமராவைப் பையோடு டிக்கியில் வையுங்கள்.

உப்புச் சாரல் வேறு விஷயம். காய்ந்த துணியால் துடைத்தால் உப்பு கண்ணாடியைக் கீறும். முதலில் ப்ளோயரால் ஊதி, பிறகு நல்ல தண்ணீர் தொட்டுப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். ட்ரைபாட் கால்களை வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் காட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் திருகு திரும்பாது.

ராத்திரி பாறை மேல நிக்கது பயமில்லையா?

பயப்பட வேண்டும். நம் கரையில் 'கள்ளக்கடல்' என்று ஒன்று உண்டு. எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத அமைதியான மாலையில் திடீரென்று ஏறி வரும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது அப்படி எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கடல் எச்சரிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை இருந்தால் கரைக்கே போக வேண்டாம்.

மற்ற நாளிலும் ஈரமாக இருக்கும் பாறையில் ட்ரைபாட் வைக்காதீர்கள். ஈரம் என்றால் அலை அங்கே வருகிறது என்று அர்த்தம். வெளிச்சம் இருக்கும்போதே இடம் பார்த்து, திரும்பும் வழியையும் பார்த்து வையுங்கள். வலை காயப்போட்டிருக்கும் இடத்திலும் குருசடி (சிலுவை வைத்த சிறு கோவில்) பக்கத்திலும் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நில்லுங்கள். நான் சொன்ன ஒரு நாள், சேட்டன் ஒருவர் பக்கத்து ஹைமாஸ் விளக்கையே பத்து நிமிடம் அணைக்க ஏற்பாடு செய்தார்.

மேற்க ஆரஞ்சு கலர்ல வால் வச்சு ஒண்ணு நிக்கு. அதானா?

பெரும்பாலும் விமானப் புகை. திருவனந்தபுரம் விமான நிலையம் பக்கத்தில்தான். மேலே பறக்கும் விமானத்தின் புகைக்கோட்டில் கடலுக்குக் கீழே போன சூரியனின் வெளிச்சம் பட்டு ஜொலிக்கும். இரண்டு நிமிடம் பாருங்கள். கோடு நீண்டு கலைந்தால் விமானம். முதல் பதிலில் சொன்னதுபோல வால்நட்சத்திரம் கலையாது. தவிர, அஸ்தமனம் ஆன பத்தாவது நிமிடத்தில் பளிச்சென்று தெரியும் எதுவும் அனேகமாக வால்நட்சத்திரம் இல்லை.

லைட்ஹவுஸ் வெளிச்சம் படத்தைக் கெடுக்குதே?

முட்டத்தில் இந்தப் புகார் நியாயமானது. கலங்கரை விளக்கின் வீச்சு சுற்றி வரும்போது ஈரக் காற்றில் ஒரு வெள்ளைப் பட்டை விழும். இரண்டு வழி. மேட்டின் மறைவில் இறங்கி நின்று விளக்கைச் சட்டத்துக்கு வெளியே தள்ளலாம். அல்லது வீச்சை எண்ணி, அது போனதும் ஷட்டரை விடலாம், இரண்டு நொடிப் படத்துக்கு இடைவெளி கிடைக்கும். எனக்கு அந்தப் பட்டை விழுந்த ஒரு படம்தான் மிகவும் பிடித்தது, அதைச் சொன்னால் படம் எடுக்கும் நண்பர்கள் அடிக்க வருகிறார்கள்.

2020-ல எல்லாரும் நியோவைஸ் எடுத்தாவ. நம்ம ஊர்ல ஏன் யாரும் எடுக்கல?

மூன்று காரணம். ஜூலை, தென்மேற்கு மழை. ஊரடங்கு. மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: அந்த வால்நட்சத்திரம் வடமேற்கில் தாழ்வாகத் தெரிந்தது. நம் கரை கன்னியாகுமரியிலிருந்து தேங்காப்பட்டணம் நோக்கி மேற்கு-வடமேற்காக ஓடுகிறது. ஆகவே மேற்கே பார்த்தால் கடல், சரியாக வடமேற்கே பார்த்தால் பல இடங்களில் நிலம். நான் மாடியில் நான்கு நாள் நின்று பார்த்தது தென்னை மண்டையும் மேகமும். லெமனும் மேற்குக்குச் சற்று வடக்கேதான் இறங்கியது, அதனால் முட்டத்தில் நின்றவர்களுக்குக் கடல்மேலும் மற்றவர்களுக்குக் கரைமேலும் தெரிந்தது. போவதற்கு முன் திசையை ஒரு திசைகாட்டியில் பார்த்துவிடுவது இதற்காகத்தான்.

படத்துல தலை பச்சையா இருக்கு, கண்ணுக்கு வெள்ளை. எடிட்டிங்கா?

இல்லை. தலையைச் சுற்றிய வாயுவில் இரண்டு கரி அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு சூரிய ஒளியில் பச்சையாக ஒளிரும். மங்கலான வெளிச்சத்தில் நம் கண் நிறத்தை விட்டுவிடுகிறது, சென்சார் விடுவதில்லை. அகலமான மஞ்சள்-வெள்ளை வால் தூசி. அதில் படுவது வெறும் சூரிய ஒளி. சில நாட்களில் அதன் பக்கத்தில் மெல்லிய நீல வால் ஒன்று தனியே தெரியும். அது மின்னேற்றம் பெற்ற வாயு, சூரியக் காற்றால் நேர்கோட்டில் தள்ளப்படுவது.

எனக்குச் சூரியன் பக்கமாவும் ஒரு ஊசி வால் விழுந்திருக்கு. லென்ஸ் கோளாறா?

தேதி 2024 அக்டோபர் 14-ஐ ஒட்டி என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வால்நட்சத்திரம் தன் பாதையில் விட்டுப் போன கனமான தூசி ஒரு தட்டுப்போல அதன் சுற்றுத் தளத்தில் கிடக்கிறது. பூமி அந்தத் தளத்தைக் கடக்கும் நாளில் தட்டை நாம் விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறோம், அப்போது அது கூர்மையான கோடாக, எதிர் திசையில் நீட்டுவதுபோலத் தெரியும். எதிர் வால் என்பார்கள். வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் என்று மேலே சொன்னதை இது உடைக்கவில்லை. நாம் பார்க்கும் கோணம் செய்யும் வேலை.

ஒரே படத்துல கொசகொசன்னு புள்ளி. நிறைய படத்தைச் சேர்த்து எடுக்காங்களே, அது எப்படி?

கேமராவை அசைக்காமல் ஒரே செட்டிங்கில் இருபது, முப்பது படம். கடைசியில் மூடியைப் போட்டு அதே செட்டிங்கில் பத்து. சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருள் விண்டோஸில் இவற்றை அடுக்கி இரைச்சலை, அதாவது அந்தப் புள்ளிகளை, குறைத்துவிடும், கரையைத் தனியாகப் பிரித்து வைக்கவும் செய்யும். பத்து நிமிடத்துக்குள் எடுத்த படங்கள் என்றால் நட்சத்திரங்களை வைத்து அடுக்கினாலே போதும். டெலி லென்ஸில் நீண்ட நேரம் எடுத்தால் வால்நட்சத்திரத்தின் சொந்த நகர்வு தெரிய ஆரம்பிக்கும், அதற்கு டீப்ஸ்கைஸ்டேக்கர் என்ற மென்பொருளில் தனி வசதி இருக்கிறது.

ட்ராக்கர் வாங்கிட்டேன். துருவ நட்சத்திரமே கண்ணுல படல!

படாது. ட்ராக்கர் என்பது பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் கருவி, அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். துருவ நட்சத்திரத்தின் உயரம் நாம் இருக்கும் அட்சரேகைக்குச் சமம். நமக்கு அது 8 டிகிரி, ஒரு முஷ்டிக்கும் குறைவு. வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை, தென்னந்தோப்பு, அதற்கு மேல் மூட்டம். வால்நட்சத்திரம் இறங்குவதற்குள் அதைத் தேடிப்பிடிக்க நேரமும் இல்லை.

போனில் சாய்வுமானி ஆப் போட்டு அச்சை 8 டிகிரி உயர்த்துங்கள். திசைகாட்டியால் வடக்கே திருப்புங்கள். இங்கே காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். 50 மி.மீ. லென்ஸில் 20 நொடி வரை இந்தத் தோராயமே தாங்கும். இன்னொன்று: அந்த 20 நிமிடத்தில் புதுக் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டாம். வால்நட்சத்திரம் இல்லாத ஒரு நாள் மொட்டைமாடியில் பழகுங்கள்.

அடுத்தது எப்ப வரும்?

தேதி தெரிந்த பெரிய பெயர் ஹாலி, 2061 ஜூலை. மற்றவை திடீர் விருந்தாளிகள். நியோவைஸ் 2020 மார்ச் கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டு ஜூலையில் வானத்தில் நின்றது. சூச்சின்ஷான்-அட்லஸுக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தது. பெரிதாக எதிர்பார்த்த ஐசான் 2013 நவம்பரில் சூரியனைச் சுற்றும்போதே சிதறிப்போனது. செய்தியில் 'நூற்றாண்டின் வால்நட்சத்திரம்' என்று வந்தால் உடனே லென்ஸ் வாங்க ஓடாதீர்கள்.

எங்க அம்மச்சி சின்ன வயசுல விடியக்காலம் கிழக்க வாரியல் மாதிரி ஒண்ணு பாத்தாங்களாம். அது எது அண்ணா?

இது படமெடுக்கும் கேள்வி இல்லை, மாலை வானமும் இல்லை. ஆனால் இதுவரை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். விடியலில் கிழக்கே தெரிந்தவற்றில் மூன்று பொருந்துகின்றன: 1965 அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் இகேயா-சேகி. 1970 மார்ச் கடைசி, ஏப்ரலில் பென்னட். 1976 மார்ச்சில் வெஸ்ட். அம்மச்சியிடம் வருடம் கேட்டால் வராது, நெல் அறுப்பைக் கேளுங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று நம் ஊரில் நெல்லுக்கு இரண்டு போகம். கன்னிப்பூ அறுத்து முடிந்து மழை தொடங்கிய காலம் என்றால் முதலாவது. கும்பப்பூ அறுப்பை ஒட்டி என்றால் பின்னால் உள்ள இரண்டில் ஒன்று.

வடிவத்தையும் கேளுங்கள். இகேயா-சேகியின் வால் நீண்டு ஒடுங்கியது, வெஸ்டின் வால் விசிறியாக விரிந்தது. கேட்ட நான்கு பேரில் ஒரு பெண் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு மறுநாள் எழுதியிருந்தாள்: "அண்ணா, கும்பப்பூ அறுப்புதான். களத்துல காவலுக்குப் படுத்திருந்த தாத்தாதான் முதல்ல பாத்து எல்லாரையும் எழுப்பிவிட்டாராம்."